மீரா நானாவின் வலது கை

மகன்,

அன்று ஊற்றச் சொன்னது மீரா நானா இல்லை, நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் நடுவில் எங்காவது மனம் மாறி, வேறு ஏதாவது புத்திமதியில் கடிதத்தை முடித்துவிடுவேன். இரண்டு வருடமாக உன்னோடு பேசத் தொடங்கிய ஒவ்வொரு முறையும் அப்படித்தான் முடித்திருக்கிறேன். நம் பட்டறையில் வேலை செய்யும் சிவத்தின் கழுத்திலும் காதிலும் உருகிய அலுமினியம் கொட்டிய அந்தக் காலையில், ஈரமான மணல் கோர் ஒன்றை அச்சுக்குள் வைத்தது யார் என்று நீ கத்தினாய். எல்லாரும் மீரா நானாவைப் பார்த்தார்கள். மீரா நானா என்னைப் பார்த்தார். நான் சிவத்தின் சட்டையை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். நீ மணல் இடிக்கிற இரும்புத் தடியைக் கையில் எடுத்தாய்.

வருகிற ஆவணியில் உனக்குக் கலியாணம். நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளைதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறான். ஆரையம்பதியில் இருந்து கல்லடி ஒன்றும் தூரம் இல்லை, காலையில் நீ பட்டறைக்கு வந்துவிடுவாய், ஆனால் இனி உன் வீடு தர்சினியின் வீடு. அவளுடைய தாய் தகப்பன் அவளுக்கென்று கட்டிய சுவர்களுக்குள் நீ வாழப்போகிறாய். உடுப்புகளையும் அளவுக் கருவிகளையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாய். உன் இரண்டு கைகளும் உன்னோடு அங்கே போகின்றன. அதைப் பற்றி யாராவது எழுத வேண்டும். எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்பாய். இல்லை. ஆனாலும் வேறு ஆள் இல்லை.

உன் அடியைப் பார்த்தவர்கள் பலர். ஆகவே இதையும் பலர் படிக்கும்படி எழுதுகிறேன். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். எங்கள் பட்டறையில் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் கார்களுக்கு சிலிண்டர் ஹெட் செய்கிறோம். இயந்திரத்தின் தலையில் மூடிபோல உட்காரும் பாகம் அது. அந்தக் கார்களோடு வந்த வார்ப்பிரும்பு ஹெட் இத்தனை வருடச் சூட்டில் வால்வுகளுக்கு நடுவே வெடித்துவிடும். புதிது யாரும் செய்வதில்லை. அதனால்தான் உன் அப்பா வாவிப் பக்கத்து வளவில் உலை போட்டு, அலுமினியத்தில் வார்க்கத் தொடங்கினார். மாதத்துக்கு மூன்று, நல்ல மாதமென்றால் நான்கு. கொழும்பிலும் இங்கிலாந்திலும் கார்ப் பைத்தியங்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். ஹெட்டுக்கு உள்ளே தண்ணீர் சுற்றவும் புகை வெளியேறவும் வளைந்த பாதைகள் வேண்டும். மணலையும் எண்ணெயையும் சீனிப் பாணியையும் பிசைந்து, அந்தப் பாதைகளின் வடிவத்தில் பிடித்து, சிரட்டைச் சூளையில் சுட்டு அச்சுக்குள் வைப்போம். அதுதான் கோர். உலோகம் அதைச் சுற்றி உறைந்த பிறகு மணலை உடைத்துக் கொட்டினால் பாதை மிஞ்சும். கோரில் ஈரம் இருந்தால் எழுநூறு பாகை உலோகம் பட்ட கணத்தில் அந்தத் தண்ணீர் ஆவியாகி, ஊற்றிய வழியாலேயே உலோகத்தைத் திருப்பி எறியும். இவ்வளவுதான். இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கப்படுத்தலாம். நான் இரசாயனத்தில் பட்டம் பெற்றவள்.

உன் கோபம் அப்பாவின் பக்கத்தில் இருந்து வந்தது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இறந்துபோனவர்மேல் எதையும் சுமத்தலாம், அவர் மறுக்கப்போவதில்லை. உன் அப்பா கதவை அறைந்திருக்கிறார், கோப்பையை உடைத்திருக்கிறார், ஆட்களை அடித்தவர் இல்லை. நீ பதினொரு வயதில், ஹெட்டுக்காக அவர் ஒன்றரை மாதம் செதுக்கிய மர அச்சை வாவியில் தோணியாக விட்டாய். அது பின்னேரம் வரை மிதந்து, ஊறி, விரிந்து போனது. அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மரம்தானே, திரும்பச் செதுக்குவம்" என்றார். நான்தான் கோருக்குள் பலத்துக்கு வைக்கிற கம்பியை எடுத்தேன். உன் கெண்டைக்காலில் அடித்தேன். நீ அழவில்லை. அழுதிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய். அழவில்லை என்பதற்காக இன்னும் மூன்று அடி அடித்தேன். அப்பா ஓடிவந்து கம்பியைப் பிடுங்கியபோது அவருடைய உள்ளங்கை கிழிந்தது. நான் அடித்த தழும்பு உன் காலில் இப்போதும் இருக்கிறது, அரைக்காற்சட்டை போடும்போது பார்க்கிறேன். அடி ஒரு முறை வேலை செய்துவிட்டால் பிறகு கைக்கு வேறு வேலை பிடிக்காது. உனக்கு அதை நான் படிப்பித்தேன்.

அந்தக் காலைக்கு வருகிறேன். மூன்று நாள் மாரி மழை. இங்கிலாந்துக்காரர் ஒருவருக்கு அனுப்ப வேண்டிய கடைசி ஹெட், கப்பல் பெட்டி மூடப்போகிறது என்று செய்தி வந்திருந்தது. நீ அடுத்த கொட்டகையில், முதல் நாள் வார்த்த ஹெட்டைக் கடைந்துகொண்டிருந்தாய். உலைக் கலமான மூசையில் அலுமினியம் உருகி நின்றது. மீரா நானா வழக்கம்போல ஒவ்வொரு கோரையும் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாரும் அண்ணன் என்ற பொருளில் நானா என்று கூப்பிட்ட, காத்தான்குடியில் இருந்து சைக்கிளில் வந்து பதினேழு வருடம் எங்களுக்குக் கோர் பிடித்த மனிதர். அவர் கன்னத்தில் வைக்காமல் எந்தக் கோரும் அச்சுக்குள் போனதில்லை.

"மிஸ், நடுக்கோர் குளிருது. கூரை ஒழுகியிருக்கு போல. இன்னம் ரெண்டு மணித்தியாலம் சூளைக்குள்ள கிடக்கட்டும்."

"உருகி நிக்குது நானா. ரெண்டு மணித்தியாலம் வச்சா காத்து ஏறி, ஹெட் முழுக்க ஓட்டை ஓட்டையா வரும்."

"நாளைக்கு உருக்குவம். கப்பல் போனா அடுத்த கப்பல் வரும்."

"கன்னத்தால ஈரம் பார்க்கிற படிப்ப எந்தக் கம்பஸில படிச்ச நீங்க?"

சிவம் சிரித்தான். மீரா நானாவும் சிரித்தார். "எங்கட உம்மாட கம்பஸ் மிஸ். பிள்ளைக்குக் காய்ச்சலெண்டா கன்னத்தாலதான் பார்ப்பா. ஒரு நாளும் பிழைச்சதில்ல."

நான் தராசை எடுத்துவந்தேன். மூன்று கோர்களில் ஒன்றை நிறுத்தேன். காய்ந்த கோருக்கு உரிய எடை சரியாக வந்தது. ஒரே மணல், ஒரே சூளை, ஒரே தட்டு. ஒன்று காய்ந்திருந்தால் மூன்றும் காய்ந்திருக்கும் என்றேன். கூரை ஒழுகியது அந்தத் தட்டின் நடுவில் மட்டும். நடுக்கோரையும் நிறுக்க அரை நிமிடம் போதும். ஏன் நிறுக்கவில்லை என்று இரண்டு வருடம் யோசித்திருக்கிறேன். அவர் காட்டிய கோரைத் தூக்கித் தட்டில் வைத்தால் அவருடைய கன்னத்தோடு என் தராசைப் போட்டிக்கு விட்டது போல ஆகிவிடும், அதில் நான் தோற்கவும் கூடும். இதுதான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. "ஊத்துங்க" என்றேன்.

அச்சு இருமியது. அப்படித்தான் கேட்டது, மார்ச்சளி பிடித்த மனிதன் இருமுவது போல. பிறகு வெள்ளையாக ஒரு தூண் எழும்பிக் கூரைத் தகரத்தில் அடித்துக் கீழே கொட்டியது. மீரா நானா மூசையைக் கவிழாமல் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். அதை அவர் விட்டிருந்தால் அங்கே நின்ற ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டோம். சிவம் ஊற்றும் வாய்க்கு நேரே நின்றான். இடது காது கண் முன்னால் சுருங்கிக் கறுத்தது. கழுத்தில் விழுந்த உலோகம் தோலோடு உறைந்துபோனது. பன்றியை வாட்டும்போது வரும் மணம் வந்தது. அவன் கத்தவில்லை, நாய் மூச்சு வாங்குவது போல வாங்கினான். அப்போதுதான் நீ ஓடிவந்தாய்.

முதல் அடி மீரா நானாவின் தோளில். இரண்டாவது அடிக்கு அவர் தலையை மறைக்க வலது கையை உயர்த்தினார். மணிக்கட்டு உடைந்த சத்தம் கோர் உடைகிற சத்தம்தான். எத்தனையோ முறை கேட்ட சத்தம் என்பதால் எனக்கு உடனே விளங்கியது. "தம்பி, கை, கை" என்றார். மூன்றாவது அடி தாடையில். லேத்தில் நின்றவர்கள் இருவர் பின்னால் வந்து உன்னை மடக்கிப் பிடித்திராவிட்டால் நாலாவது அடியில் அவர் செத்திருப்பார். மூன்று அடிக்கும் இடையில் எனக்கு நேரம் இருந்தது. "நான்தான் சொன்னன்." இரண்டு சொல். வாய் திறக்கவில்லை. பயந்துவிட்டேன் என்று பின்னால் நினைத்துக்கொண்டேன். பயம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அதைவிட ஒரு ஆறுதல் இருந்தது, மகன். எரிகிற ஒருவனைக் கையில் வைத்துக்கொண்டு, பழி வேறொருவரின் எலும்பில் விழுவதைப் பார்க்கும் ஆறுதல். நீ அடித்தது உன் பலத்தில் பாதி, என் மௌனத்தில் பாதி.

பெரியாஸ்பத்திரியில் மீரா நானா, மழைக்குச் சறுக்கி விழுந்தேன் என்று சொன்னார். தாடையைக் கட்டியிருந்ததால் எழுதிக் காட்டினார், இடது கையால். அவருடைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கட்டிலைச் சுற்றி நின்று, "ஆர் அடிச்ச? சொல்லுங்க மச்சான், ஆர் அடிச்ச?" என்று கேட்டார்கள். விழுந்தேன் என்பதையே மறுபடியும் எழுதினார். முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கும் தமிழ் ஊரான ஆரையம்பதிக்கும் நடுவில் இருப்பது ஒரு ஒழுங்கை, ஒற்றைச் சந்து. அவர் வேறு எழுதியிருந்தால் அன்று பின்னேரம் அந்த ஒழுங்கையில் என்ன எரிந்திருக்கும் என்று நம் வயதுக்காரர் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நீ அதை உன் வெற்றியாக எடுத்துக்கொண்டாய். பிழை அவருடையது, அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று பட்டறையில் சொன்னாய். சம்பந்தம் பேசிய அன்று சாப்பாட்டு மேசையிலும் சொன்னாய். "அண்டைக்கு நான் குடுத்த அடியில மனிசன் ஊரையே விட்டுட்டுப் போயிட்டான்" என்று சொல்லிச் சிரித்தபோது உன் வருங்கால மாமனாரும் சிரித்தார். தர்சினி குழம்புச் சட்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போன கிழமை அவள் அழைப்பிதழின் மாதிரியைக் காட்டப் பட்டறைக்கு வந்தாள். நீ கடைந்த ஹெட்டில் ஒரு வால்வு இருக்கை மயிரிழை விலகியிருந்தது. நீ ஸ்பனரை எறிந்தாய். அவள்மேல் இல்லை, அவளுக்குப் பின்னால் இருந்த சுவரில். சுண்ணாம்பு உதிர்ந்து அவள் தலைமயிரில் விழுந்தது. அவள் கதிரையை ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, "எழுத்து சிவப்பிலயா, பொன்னிறத்திலயா?" என்று கேட்டாள். நீ அவளுடைய குரலைக் கேட்டாய், நான் கதிரையைப் பார்த்தேன். கை நீண்டால் எட்டாத தூரம் எது என்று ஒரு பெண் கணக்குப் பார்த்துவிட்டாள் என்றால் அந்தக் கணக்கு பிறகு ஒரு நாளும் அழிவதில்லை.

ஆகவே உனக்கு முன்னால் மற்றவர்களிடம் போனேன். சிவத்திடம் சொன்னேன்.  "ஆஸ்பத்திரியில வச்சுத் தம்பிட கையப் பிடிச்சு, நல்லாக் குடுத்தாய் எண்டு சொன்னனே மிஸ்" என்றான். பிறகு மணல் வாளியைத் தூக்கி என் காலடியில் அடித்தான். மறுநாள் வேலைக்கு வந்தான், இன்றுவரை என்னோடு பேசவில்லை. அது அவனுடைய நியாயம். நீ அதில் தலையிடாதே, அவனை அதட்டவும் செய்யாதே.

தர்சினியிடம் அவளுடைய வீட்டிலேயே போய்ச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள்.

"மாமி, இத ஏன் எனக்குச் சொல்றீங்க? கலியாணத்த நிப்பாட்டவா?"

"அது உன்ட விருப்பம் மகள். தெரியாமக் கட்டாத எண்டுதான் வந்தன்."

"ஸ்பனர் எறிஞ்சண்டைக்கு நீங்க அங்கதானே நிண்ட. ஒண்டும் சொல்லல்லயே."

"சொல்லல்ல."

"அப்ப உங்களுக்கும் அது பழக்கமாப் போச்சு" என்றாள். இத்தனை வருடத்தில் என்னை யாரும் இவ்வளவு சரியாக எடைபோட்டதில்லை. பிறகு எழுந்து போய் யன்னலைத் திறந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்: "வெள்ளிக்கிழமை கூறைச் சேலை எடுக்கப் போறதெண்டு இருக்கு. அதுக்கு முதல் அவர் அந்த நானாட்டப் போகட்டும். உங்களக் கூட்டிற்றுப் போகப்படாது. போய் வந்து என்ன நடந்த எண்டு அவர்ட வாயால என்னட்டச் சொல்லட்டும். அதுக்கு மறுகாத்தான் சேல. போகாட்டி, நான் அப்பாட்டச் சொல்லுவன் கலியாணம் இல்லயெண்டு. நீங்க அழ வேணாம் மாமி." நான் அழவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமலே அதைச் சொன்னாள்.

பிறகு ஓட்டமாவடிக்குப் போனேன். மீரா நானா அங்கே தம்பியின் அரிசி ஆலையில் சாக்கு வாய் தைக்கிறார். மணிக்கட்டு வளைந்து பொருந்தியிருக்கிறது, விரல்கள் மடங்குவதில்லை. சாக்கை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, வலது முழங்கையால் அழுத்தி, இடது கையால் ஊசியை இழுக்கிறார். தாடை ஒரு பக்கம் இறங்கியிருப்பதால் தாடி வளர்த்திருக்கிறார்.

"நானா, அண்டைக்கு ஊத்தச் சொன்னது நான் எண்டு மகனுக்குச் சொல்லப்போறன்."

"ரெண்டு வருசம் மிஸ். உங்கட தராசு முள்ளு மெதுவாத்தான் நிக்கும் போல."

"நீங்க ஏன் நானா சொல்லல்ல? ஒரு சொல் சொல்லியிருந்தா..."

ஊசியைப் பல்லில் கடித்து நூலை இறுக்கிய பிறகுதான் பதில் சொன்னார். "நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கு நிண்டன் மிஸ். முதல் அடிக்கும் பாத்தன். ரெண்டாவதுக்கும் பாத்தன். மறுகா தாட போயிற்று."

மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். அதைக் கையால் தள்ளிவிட்டார். "நீங்க வந்து போறதால எனக்கு அஞ்சாறு சாக்கு பிந்துற மட்டும்தான். உங்கட மகன் வரட்டும். வந்தா தேத்தண்ணி குடுப்பனா, ஒண்டு போடுவனா எண்டு எனக்கே தெரியா. வலதுதான் போயிற்று, இடது நல்லாத்தான் கிடக்கு." சிரித்துக்கொண்டு சொன்னார். கண் சிரிக்கவில்லை.

மகன், கோபம் வந்தால் தண்ணீர் குடி, வெளியே போய் நில் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்து அடித்தவர்களை எனக்குத் தெரியும். அன்பு உன்னை மாற்றும் என்றும் சொல்ல மாட்டேன், ஒரு பெண்ணின் அன்பை அந்த வேலைக்கு வைப்பது அநியாயம். ஒன்றை மட்டும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஓட்டமாவடிக்குப் பஸ் ஏறு. காரில் போகாதே, கூட்டாளி யாரையும் கூட்டிக்கொண்டு போகாதே, பழப் பை எதுவும் வாங்காதே. ஆலையில் ஆட்கள் நிற்கும் நேரமாகப் போ. ஆட்களுக்கு முன்னால் அடித்தாய், ஆட்களுக்கு முன்னாலேயே சொல். அம்மா சொல்லாமல் விட்டதால்தான் என்று தொடங்காதே. என் பங்கை நான் சொல்லிவிட்டேன், அதை உன் பங்கின்மேல் போர்த்தாதே. தடியைப் பிடித்தது உன் கை, ஒரு கேள்வி கேட்காமல் ஓங்கியதும் அதுதான். அதைச் சொல்.

அவர் இடது கையை ஓங்கினால் நகராதே. தலையை மறைக்கக் கையை உயர்த்தாதே. அவர் அடித்தால் வாங்கு. அவர் அடிக்காமல், நீ நிற்பதையே பார்க்காமல் அடுத்த சாக்கை இழுத்துத் தைக்கத் தொடங்கினால் அது அடியைவிடக் கஷ்டமாக இருக்கும். அப்போதும் அவர் போ என்று சொல்லும்வரை அங்கேயே நில். பிறகு நேரே கல்லடிக்குப் போய், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அவளிடம் சொல். அவள் கதிரையை எங்கே போட்டு உட்கார்ந்து கேட்கிறாள் என்று பார். அதை நெருக்கிப் போடச் சொல்லாதே.

அம்மா